ஆர்வம் 94

டெல்லா ப்ரூபேக்கருக்கு ஹார்க்கவே கல்லூரியின் மேல் இருந்த ஆர்வம் தொண்ணூற்று நான்கு விழுக்காட்டில் நின்றுவிட்டது. நவம்பர் ஒன்பதாம் தேதி நின்றது. டிசம்பர் பிறந்தும் அசையவில்லை. மிச்ச ஆறு விழுக்காடு எங்கே போயிற்று என்று அவளுக்கும் தெரியவில்லை, அவள் அப்பா எமெட்டுக்கும் தெரியவில்லை.

இது அவர்களாகப் போட்ட கணக்கு அல்ல, கல்லூரியே காட்டியது. விண்ணப்பித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஹார்க்கவே இணையத்தில் போர்ட்டல் என்று ஒரு தனிப் பக்கம் கொடுத்திருந்தது. உள்ளே போனால் ஒன்பது வரிகள்: மதிப்பெண், ஆசிரியர் கடிதம், கட்டுரை, இப்படி. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பச்சை டிக். அதற்குக் கீழே, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் மாதிரி ஒரு நீளக் குழாய். அதன் பெயர் ‘ஆர்வம்’. குழாய்க்குள் நீல நிறம் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறதோ, அவ்வளவு ஆர்வம் அந்தப் பிள்ளைக்கு இருப்பதாகப் பொருள். நீலத்தின் உச்சியில் கல்லூரியின் சின்னமான நாரை ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருக்கும்.

எமெட் முப்பது வருடமாக, கட்டடங்களுக்குச் சூடு தரும் பாய்லர்களைப் பழுது பார்ப்பவர். அசையாத முள்ளைக் கண்டால் அவருக்குச் சும்மா இருக்க முடியாது. சமையலறை மேசையில் மகளின் மடிக்கணினியை இழுத்து வைத்துக்கொண்டு, திரையை விரல் நகத்தால் இரண்டு தட்டு தட்டினார்.

“அப்பா, அது மீட்டர் இல்ல. படம்.”

“மீட்டர் ஏறலைன்னா ரெண்டே காரணம்தான் கண்ணு. ஒண்ணு, உள்ள அழுத்தம் இல்ல. இல்லேன்னா முள்ளு ஒட்டிக்கிச்சு. உள்ள அழுத்தம் இருக்கா?”

“ராத்திரி தூங்கவே முடியலப்பா. இதுக்கு மேல என்ன அழுத்தம்?”

“அப்போ முள்ளுதான் ஒட்டிக்கிச்சு” என்று இன்னொரு தட்டு தட்டினார். நாரை அசையவில்லை.

டெல்லா விண்ணப்பித்திருந்தது ‘முன்கூட்டிய முடிவு’ என்ற வழியில். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அந்த வீட்டில் அந்த மாதம் ஏன் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை என்பது விளங்கும். மற்றப் பிள்ளைகள் பத்துக் கல்லூரிகளுக்கு எழுதிப் போட்டுவிட்டு வசந்த காலத்தில் பதில் பார்ப்பார்கள். முன்கூட்டிய வழியில் போகிறவர்கள் ஒரே ஒரு கல்லூரிக்கு எழுதி, ‘நீங்கள் எடுத்துக்கொண்டால் கண்டிப்பாக வருவேன், வேறு எங்கும் போக மாட்டேன்’ என்று கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளை போட வேண்டும், பெற்றவர் போட வேண்டும், பள்ளி ஆலோசகரும் போட வேண்டும். கல்லூரி போட வேண்டியதில்லை. கல்யாண ஒப்பந்தத்தில் பெண் வீட்டார் மூன்று பேர் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாப்பிள்ளை யோசித்துச் சொல்வார் என்று வாசலில் நிற்பது மாதிரி. பதில் டிசம்பர் பதிமூன்று, மாலை ஏழு மணிக்கு.

டெல்லாவுக்கு வேறு கல்லூரி வேண்டாம் என்பதற்குக் காரணம் இருந்தது. ஹார்க்கவேயின் அறிவியல் கட்டடத்து அடித்தளத்தில் நாற்பது அடி நீளத்தில் ஒரு கண்ணாடி ஓடை உண்டு. ஒரு முனையில் தண்ணீரை விட்டு, மணலைப் பரப்பி, ஆறு எப்படிக் கரையை அரிக்கிறது, எங்கே வளைகிறது என்று கண்ணால் பார்க்கலாம். ப்ரூபேக்கர் வீட்டு நிலவறைக்குள் சஸ்க்வெஹானா ஆறு இருமுறை வந்து போயிருக்கிறது. இரண்டாம் முறை டெல்லாவுக்குப் பன்னிரண்டு வயது. துணி உலர்த்தும் இயந்திரம் மிதந்ததை அவள் மறக்கவில்லை. கல்லூரியின் அந்த அறிவியல் கட்டடத்துப் பாய்லர்களுக்கு எமெட்தான் பொறுப்பு. மூன்று கோடை விடுமுறைகளில் அவரோடு பின்வாசல் வழியாகப் போய், பேராசிரியரின் அனுமதியோடு அந்த ஓடையில் மணலைக் கொட்டி, வாரி, மறுபடி கொட்டி, குறிப்பு எழுதியிருக்கிறாள். ஆற்றைப் பற்றிப் படிக்க வேண்டும். அந்த ஓடை இருக்கும் இடத்தில் படிக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

ஆனால் பின்வாசலில் வருகைப் பதிவேடு கிடையாது. ஆகவே செப்டம்பரில் போர்ட்டல் திறந்தபோது, மூன்று கோடைகளுக்குப் பிறகும் டெல்லாவின் ஆர்வம் பூஜ்யமாக இருந்தது. பேராசிரியர் அவளைப் பற்றி ஒரு சீட்டு எழுதி அனுப்பினார். மாணவர் சேர்க்கையில் பேராசிரியர்கள் தலையிடக் கூடாது என்று அவருக்குப் பதில் வந்தது.

எனவே அவள் முறைப்படி ஆர்வம் கொள்ளத் தொடங்கினாள். முதலில், அப்பாவோடு முன்வாசல் வழியாக வளாகச் சுற்றுலா. வழிகாட்டி மாணவி இரண்டு மணி நேரமும் பின்பக்கமாக நடந்தபடியே பேசினாள். அறிவியல் கட்டடத்து முன்னால் நின்று, “கீழ பாய்லர், குழாய், அந்த மாதிரிதான். அங்க யாரும் போக மாட்டாங்க” என்றாள். பன்னிரண்டு வருடமாக அங்கே மதியச் சாப்பாடு சாப்பிட்டுவரும் எமெட் மரியாதையாகத் தலையை ஆட்டினார். வழிகாட்டி ஓடையைக் காட்டவில்லை. வீடு திரும்புவதற்குள் ஆர்வம் முப்பத்தெட்டு ஏறியிருந்தது.

பிறகு ‘நாரையாக இருப்பது என்றால் என்ன’ என்ற இணையக் கூட்டம், எந்தக் கேள்வி கேட்டாலும் “அருமையான கேள்வி” என்பதே பதிலாக இருந்தது, அதற்குப் பன்னிரண்டு. அடுத்து முன்னாள் மாணவர் ஒருவரோடு நேர்காணல். அவர் ஒரு பல் மருத்துவர். கல்லூரியில் படகு விட்டதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, எழும்போது “கடைவாய்ப் பல் கொஞ்சம் கவனி” என்றார்; அதற்குப் பதினொன்று. நாரை போட்ட சட்டையோடு ஒரு படம் எடுத்து அனுப்பியதற்கு ஐந்து. இப்படி இன்னும் பலவற்றுக்கும் ஏறி ஏறித் தொண்ணூற்று நான்கில் வந்து நாரை நின்றுவிட்டது.

பள்ளி ஆலோசகர் மிஸஸ் லாண்டிஸின் பொறுப்பில் நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். டெல்லாவுக்கு ஏழு நிமிடம் கிடைத்தது.

“தொண்ணூத்தி நாலா? அப்போ நீ அவங்களை நேசிக்கிறேன்னு இன்னும் அவங்களுக்குப் புரியல.”

“எப்படிப் புரிய வைக்கிறது மேடம்?”

“ஒரு கடிதம் எழுது. மனசைத் தொறந்து எழுது. ஆனா ரொம்பத் தொறந்துடாத, கெஞ்சற மாதிரி இருக்கும். போன வருஷம் ஒரு பையன் கவிதை எழுதினான்.”

“கெடைச்சுதா?”

“இப்போ அவங்க அப்பா கடையில இருக்கான்” என்ற மிஸஸ் லாண்டிஸ், அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

டெல்லா கடிதம் எழுதினாள். நாரை அசையவில்லை. தனக்கு அக்கறை இல்லையோ என்று அவளுக்கே சந்தேகம் வரத் தொடங்கியது. “ஒருவேளை எனக்கு நெசமாவே தொண்ணூத்தி நாலுதானோப்பா?” என்று ஒரு நாள் கேட்டாள். சிரிக்கவில்லை. கல்லூரியிலிருந்து வந்த மின்னஞ்சல்களை எல்லாம் போனில் மறுபடி முதலிலிருந்து படித்தாள். பத்தாம் வகுப்பு படித்த காலத்திலிருந்தே வந்தவை; ‘டெல்லா, எங்கள் மேப்பிள் மரங்கள் சிவந்துவிட்டன, நீ எங்கே?’ என்று மரம் கேட்கும், நூலகம் கேட்கும், ஒருமுறை உணவுக்கூடத்துச் சூப் கேட்டது. பல கடிதங்கள் அவளுக்கு மனப்பாடம்.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி படுக்கப் போகும்போது இரவு உடையை உள்வெளியாக மாற்றிப் போட்டுக்கொண்டு, தலையணைக்கு அடியில் கரண்டியை வைத்தாள். அவள் அம்மா ரோண்டா பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்; அந்த வேண்டுதலை நன்றாக அறிந்தவள்.

“ஏண்டி, அது பனி கொட்டி பள்ளிக்கூடம் லீவு விடறதுக்குப் பண்றது.”

“மேல யாராவது கேக்கறாங்கன்னா, எதைக் கேட்டா என்னம்மா?”

பதிமூன்றாம் தேதி மாலை ஆறு ஐம்பத்தொன்பதுக்கு மூவரும் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தார்கள். ரோண்டா சமைத்த கோழிக் குழம்பு மாவுத்துண்டுகளோடு ஆறி ஆடை கட்டிக் கிடந்தது. இடம் கிடைத்தால் திரையில் வண்ணத்தாள் துணுக்குகள் கொட்டும், நாரை இறக்கையடிக்கும். கிடைத்த பிள்ளைகள் அதைப் படம்பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புவார்கள். பள்ளியில் யாரும் ‘கிடைத்ததா’ என்று கேட்பதில்லை. ‘தாள் கொட்டியதா’ என்றுதான் கேட்பார்கள்.

ஏழு மணிக்குக் கடிதம் திறந்தது. எதுவும் கொட்டவில்லை.

‘அன்புள்ள டெல்லா, உன் விண்ணப்பத்தை முழு மனிதராக உன்னைக் கண்டு பரிசீலித்தோம். உன்னைப் பற்றிய எங்கள் முடிவை வசந்த காலத்துக்குத் தள்ளிவைப்பதில் மகிழ்ச்சி அடைகிறோம். இது மறுப்பு அல்ல. எங்களோடு சேர்ந்து காத்திருக்க உன்னை அழைக்கிறோம். இதற்கிடையே உன் ஆர்வத்தைத் தொடர்ந்து தெரிவிக்கலாம்.’

ரோண்டா இரண்டு முறை படித்தாள். “இதுக்குப் பேரு முன்கூட்டிய முடிவா? முடிவு பண்ண மாட்டோம்னுல்ல முன்கூட்டியே முடிவு பண்ணியிருக்கான்!”

“பெரிய எடத்து ஆளுங்க, ரோண்டா. காரணம் இருக்கும்” என்றார் எமெட்.

“இருக்கும். நீ போய் அவங்க காலைச் சூடு பண்ணிக் குடு.”

 டெல்லா மடிக்கணினியை மெதுவாக மூடினாள். அன்றிலிருந்து அவள் ஆற்றைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். புத்தாண்டன்று, வருடம் நன்றாகப் போக எல்லா வீட்டிலும் சாப்பிடும் பன்றி இறைச்சியையும் புளித்த முட்டைக்கோசையும் தட்டில் ஓரமாக ஒதுக்கி வைத்தாள். எமெட் அதையும் பார்த்தார், மூடியே கிடந்த மணல் குறிப்பேட்டையும் பார்த்தார். எந்தக் கருவியைக் கொண்டு இதைத் திறப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஜனவரி ஆறாம் தேதி, ஹார்க்கவே மாணவர் சேர்க்கை அலுவலகத்தில் குளிர் தாங்கவில்லை என்று அழைப்பு வந்தது.

அவர் உள்ளே போனபோது ஊழியர்கள் எல்லாரும் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். சுவரில் ஒரு சுற்றறிக்கை: ‘அலுவலக வெப்பநிலை எழுபத்து நான்கு பாகை ஃபாரன்ஹீட் எனத் தெர்மோஸ்டாட் காட்டுகிறது. ஆகவே அலுவலகம் குளிராக இல்லை.’ கையெழுத்து, டாக்டர் லெனோர் வின்ஷிப், சேர்க்கைத் துறைத் தலைவர்.

“எத்தனை நாளா டோரீன்?” என்று முன்மேசைப் பெண்மணியைக் கேட்டார். டோரீன் அங்கே இருபத்தேழு வருடமாக இருப்பவர்.

“நவம்பர்ல, நன்றித் திருநாள்லேருந்து. கையுறை போட்டுக்கிட்டுத்தான் கடிதமே அடிக்கிறேன் எமெட். அதான் எல்லாருக்கும் வேண்டாம் வேண்டாம்னு போகுதோ என்னமோ.”

அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை எமெட் தொடவில்லை. முதலில் சுவரில் சூட்டை அளக்கும் சின்னப் பெட்டியை, தெர்மோஸ்டாட்டை, பார்த்தார். பிறகு அதற்கு நேர் கீழே இருந்ததைப் பார்த்தார். புதிதாக வந்த காப்பி இயந்திரம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

உள்ளறையிலிருந்து கம்பளிச் சால்வையோடு வின்ஷிப் வந்தார். எமெட் பொறுமையாக விளக்கினார். “இந்தச் சின்னப் பொட்டிக்கு ரூமோட சூடு தெரியாது மேடம். அதுக்குப் பக்கத்துல இருக்கற காத்தோட சூடுதான் தெரியும். கீழ காப்பி கொதிக்குது. இது எழுபத்தி நாலுன்னு பாய்லருக்குச் சொல்லுது, பாய்லர் அணைஞ்சுடுது. பாய்லர் நல்லாத்தான் இருக்கு. ரூமும் நெசமாவே குளிருது. நடுவுல நிக்கறதுதான் தப்பாப் பாக்குது.”

காப்பி இயந்திரத்தை மறு மூலைக்கு நகர்த்தினார். சிறிது நேரத்தில் சுவருக்குள் குழாய்கள் இடித்துக்கொண்டு விழித்தன.

வின்ஷிப் மனம்விட்டுச் சிரித்தார். “ஒரு சின்னப் பொட்டி சொன்னதை நம்பி, கண்ணு முன்னாடி நடுங்குற ஆளுங்களை நம்பாம விட்டுட்டோமே! எவ்வளவு முட்டாள்தனம்!”

“நடக்கறதுதான் மேடம்” என்றார் எமெட். பிறகு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “ஒண்ணு கேக்கலாமா? இந்த ஆர்வம்னு ஒரு குழாய் இருக்கே, அது எப்படி வேலை செய்யுது?”

தன் இயந்திரத்தைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவர்தான் போலிருக்கிறது. வின்ஷிப்பின் முகம் மலர்ந்தது. அவரை உள்ளே அழைத்துப் போய்ப் பெரிய திரை முன்னால் நிறுத்தினார்.

“ஊர்ல என்ன நெனைக்கிறாங்க? நாங்க நல்ல பசங்களைத் தேடறோம்னு. நல்ல பசங்க நெறையக் கெடைப்பாங்க, மிஸ்டர் ப்ரூபேக்கர். நாங்க தேடறது எங்களை வேண்டாம்னு சொல்லாத பசங்களை. நூறு பேரைக் கூப்பிட்டு இருபது பேர் வந்தா நாங்க சாதாரணக் கல்லூரி. முப்பது பேரைக் கூப்பிட்டு இருபது பேர் வந்தா உயர்ந்த கல்லூரி. வர்றது அதே இருபது பேர்தான், வாத்தியாரும் அதே ஆளுங்கதான். கூப்பிடாம விடறதுலதான் எங்க தரமே இருக்கு.”

“ஆனா முன்கூட்டியே கேக்கற பசங்க, வருவேன்னு கையெழுத்தே போட்டுடறாங்களே மேடம்.”

“கையெழுத்து கைதான போடுது? மனசு வருமா? அதுக்குத்தான் குழாய். பாருங்க, ஒரு உதாரணம்.” திரையில் ஒரு கோப்பு விரிந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பட்டை. “பாரபட்சம் வரக்கூடாதுன்னு பேரை நாங்களே பாக்க மாட்டோம். இந்தப் பொண்ணு, மதிப்பெண் பிரமாதம். இருபது வருஷத்துல இப்படி ஒரு மாணவியைப் பார்த்ததில்லைன்னு ஆசிரியர் எழுதறார். கட்டுரையில, மூணு கோடை நம்ம கட்டடத்துலயே மணலை அள்ளி ஆறு விட்டேன்னு எழுதியிருக்கா. பதிவேட்டைப் பார்த்தா ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கா! கற்பனை வளம் உள்ள பொண்ணு. போகட்டும். ஆனா இதைப் பாருங்க. பத்தாம் வகுப்புலேருந்து இருநூத்திப் பதினொரு கடிதம் அனுப்பியிருக்கோம். எத்தனையைத் தொறந்திருக்கா தெரியுமா?”

எமெட் கையில் சுழற்றிக்கொண்டிருந்த தொப்பி நின்றது.

“ஒண்ணுகூட இல்ல. நம்ம மேப்பிள் மரம் கூப்பிட்டும் திரும்பிப் பாக்கல. எவ்வளவு திமிர் இருக்கணும்! அதான் தொண்ணூத்தி நாலுலயே நிக்கறா. இப்படி ஈரமில்லாத பொண்ணை எப்படி எடுக்கறது? தள்ளி வெச்சோம். நாங்க முழு மனுஷியா பாக்கறோம், மிஸ்டர் ப்ரூபேக்கர். அதான் எங்க சிறப்பு.”

வின்ஷிப்புக்கு எங்கிருந்தோ தொலைபேசி வந்தது, போய்விட்டார். எமெட் டோரீனின் மேசைக்கு வந்து நின்றார். 

“டோரீன், ஒரு பொண்ணு கடிதத்தைத் தொறந்தாளா இல்லையான்னு இங்க உக்காந்துக்கிட்டு எப்படித் தெரியும்?”

“அதுவா? ஒவ்வொரு கடிதத்துக்கு அடியிலயும் ஒரு புள்ளி இருக்கு எமெட். கண்ணுக்குத் தெரியாது, வெள்ளை மேல வெள்ளை. அது எழுத்து இல்ல, ஒரு படம். கடிதத்தைத் தொறந்தா, போன் அந்தப் படத்தை எங்ககிட்டேருந்து கேட்டு வாங்கும். கேட்டுச்சுன்னா, தொறந்துட்டாங்கன்னு இங்க ஒண்ணு ஏறும்.”

“போன் படத்தையே கேக்கலைன்னா?”

“அப்போ தொறக்கலைன்னு அர்த்தம்.”

“படிச்சு மனப்பாடமே பண்ணியிருந்தாலும்?”

டோரீன் அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “மனப்பாடத்துக்குப் புள்ளி இல்லையே எமெட்.”

எமெட் வண்டியில் போய் உட்கார்ந்தார், உடனே கிளப்பவில்லை. அவர்கள் வீடு இரண்டு மலைக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது. இணையம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். எங்கே ஒழுகினாலும் அடைப்பது அவர் வழக்கம். மூன்று வருடம் முன்னால், வீட்டில் இருந்த மூன்று போன்களையும் வரிசையாக வைத்து, மின்னஞ்சலில் படங்கள் வராதபடி நிறுத்தியவர் அவர்தான். ‘படமெல்லாம் விளம்பரம்தானே, எழுத்து வந்தால் போதாதா’ என்று நினைத்திருந்தார். யாரிடமும் சொல்லவும் இல்லை. அடைத்த ஒழுக்கைப் பற்றி யார் போய்ச் சொல்வார்கள்?

அன்று மாலை மகளிடம் சொன்னார். தெர்மோஸ்டாட்டில் தொடங்கி, புள்ளி வழியாக, படங்களை நிறுத்திய தன் கட்டைவிரல் வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னார்.

“நான்தான் அடைச்சேன் கண்ணு. நீ படிச்சது எதுவுமே அந்தப் பக்கம் போகல.”

 “அப்போ எனக்கு அக்கறை இருந்துச்சு” என்றாள் டெல்லா.

“இருந்துச்சு.”

“ஆறு விழுக்காடும்?”

“நூத்துக்கு மேலயே இருந்துச்சு.”

அவள் அழுதாள். எமெட்டுக்கு அது கோபமா ஆறுதலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினாள். அவர் படங்களைத் திறந்துவிட்டார்.

இருநூற்றுப் பதினொரு கடிதங்களையும் திறக்க அந்த வீட்டு இணையத்தில் இரண்டு நாள் பிடித்தது. ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஒரு நாரைப் படம். முதலில் அலகு வரும், பிறகு கழுத்து, வெகுநேரம் கழித்துக் கால். கால் வந்ததும் மூடிவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டும். டெல்லா பள்ளிக்குப் போனபோது ரோண்டா திறந்தாள், ரோண்டா பேருந்தை எடுத்தபோது எமெட் திறந்தார். யாரும் ஒரு வரி படிக்கவில்லை. நாரை தொண்ணூற்றைந்துக்குப் போனது, தொண்ணூற்றேழுக்குப் போனது. எட்டாம் தேதி மாலை, உணவுக்கூடத்துச் சூப் எழுதிய கடிதத்தோடு நூறானது.

பன்னிரண்டாம் தேதி ஹார்க்கவேயிலிருந்து புதிய கடிதம் வந்தது. டெல்லாவிடம் நிகழ்ந்திருக்கும் ஆழமான மனமாற்றத்தைக் கண்டு நெகிழ்ந்திருப்பதாகவும், அவளை உடனே நாரைக் குடும்பத்தில் சேர்த்துக்கொள்வதாகவும் டாக்டர் வின்ஷிப் எழுதியிருந்தார். திரையில் வண்ணத்தாள் கொட்டியது. அந்த இணையத்தில் அதுவும் மெதுவாக, ஒவ்வொரு துணுக்காகக் கொட்டியது. டெல்லா படம்பிடிக்கவில்லை.

“தாள் கொட்டுதுடி!” என்றாள் ரோண்டா.

“கொட்டுதும்மா. யாருக்குன்னுதான் தெரியல.”

 ஆனால் அன்று அவள் மணல் குறிப்பேட்டை எடுத்து மேசையில் பிரித்து வைத்ததை எமெட் பார்த்தார்.

மறுநாள் காலை, மிஸஸ் லாண்டிஸின் அறைக்கு வெளியே, தள்ளிவைக்கப்பட்ட பதினேழு பிள்ளைகள் தங்கள் ஏழு நிமிடத்துக்காக உட்காரும் பெஞ்சுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. டெல்லாவின் கையெழுத்து:

‘ஹார்க்கவேயில் ஆர்வம் ஏறாமல் நிற்பவர்களுக்கு. போனில் மின்னஞ்சல் அமைப்புக்குள் போங்கள். படங்களைக் காட்டு என்பதை இயக்குங்கள். கல்லூரி அனுப்பிய கடிதங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, படம் முழுதாக வந்ததும் மூடுங்கள். படிக்க வேண்டியதில்லை.’